ஒரே பெயரில் பல புயல்கள்: பிழையா, வழக்கமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 2005-ல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனாவைப் பற்றித் தேடினால், 1981, 1998, 1999 என்று வேறு ஆண்டுகளிலும் கத்ரீனா என்ற பெயரில் புயல்கள் தட்டுப்படுகின்றன. யாராவது தப்பாகப் பதிந்திருக்கிறார்களா? இல்லையென்றால் ஒரே பெயரை ஏன் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள்? உலகத்தில் பெயருக்கா பஞ்சம்?

தப்பு ஒன்றும் இல்லை. நான்குமே தனித்தனிப் புயல்கள். 1981 நவம்பரில் வந்த கத்ரீனா கியூபாவைக் கடந்து போன சுமாரான ஹரிக்கேன் (அட்லாண்டிக், கிழக்கு பசிபிக் பக்கம் வலுவான புயலுக்குச் சொல்லும் பெயர்). 1999-ல் வந்தது மத்திய அமெரிக்கக் கரையேறிய ஒரு பலவீனமான புயல். 1998-ன் கத்ரீனா அட்லாண்டிக்கிலேயே இல்லை. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பவளக் கடலில் எந்தப் பக்கம் போவதென்று முடிவு செய்ய முடியாததுபோல் வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்த புயல் அது. 2005-க்கு முன்பு அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றியிருக்காது.

புயலுக்குப் பெயர் வைப்பது வரலாற்றுக்காக அல்ல, அந்த வாரத்துக்காக. ஒரே சமயத்தில் கடலில் இரண்டு மூன்று புயல்கள் இருக்கும்போது, வானொலியில் கேட்கும் மாலுமிக்கும் கரையில் இருப்பவருக்கும் எந்த எச்சரிக்கை எந்தப் புயலுக்கு என்று குழப்பம் வரக்கூடாது. அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லி அடையாளம் காட்டுவதைவிட ஒரு சின்னப் பெயர் சொல்வது சுலபம். அந்தக் காரியத்துக்கு, அந்தக் கடலில் அந்தச் சமயத்தில் அந்தப் பெயரில் வேறு புயல் இல்லாமல் இருந்தால் போதும். இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்ததா, பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் முன்னறிவிப்பு எழுதுகிறவருக்கு அவ்வளவு முக்கியமில்லை.

அட்லாண்டிக்கில் இப்போது 6 பட்டியல்கள் சுழற்சியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள். கியூ, யு, எக்ஸ், ஒய், இசட் என்ற ஐந்து எழுத்துகளில் பெயர் வைப்பதில்லை. இந்த வருஷப் பட்டியல் ஆறு வருஷம் கழித்து அப்படியே திரும்பி வரும். அதனால் பட்டியலின் தலையில் இருக்கும் பெயர்கள் கட்டாயம் திரும்ப வந்தே தீரும். கடைசிப் பெயர்களுக்கு, புயல்கள் அதிகமான வருஷத்தில்தான் வாய்ப்பு. ஆர்லீன் என்ற பெயர் 1959-ல் தொடங்கி 2023 வரை 12 முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பெரிய நாசம் இல்லாமல் கடந்து போனதால்தான் பட்டியலில் தாக்குப்பிடித்து நிற்கிறது.

நாசம் செய்தால் பெயருக்கு ஓய்வு. உலக வானிலை அமைப்பின் கீழ் இயங்கும் அந்தந்த வட்டாரக் குழு கூடி, உயிர்ச்சேதமோ பொருட்சேதமோ மிக மோசமாக இருந்த புயல்களின் பெயரை எடுத்துவிட்டு, புதுப் பெயரைச் சேர்க்கும்; அட்லாண்டிக்கில் அது அதே எழுத்தில் தொடங்கும். 1986-ல் ஆண்ட்ரூ என்று ஒரு புயல் வந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால் தோன்றி அடங்கிவிட்டது. ஆறு வருஷம் கழித்து, 1992 ஆகஸ்டில் அதே பெயர் திரும்ப வந்தபோது தெற்கு ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட் நகரம் தரைமட்டமானது. அதற்கப்புறம் அட்லாண்டிக்கில் ஆண்ட்ரூ கிடையாது, அந்த இடத்தில் அலெக்ஸ் வந்தது.

இந்த ஓய்வு ஏற்பாடு ஆரம்பத்தில் இவ்வளவு கறாராக இல்லை. 1954-ல் அமெரிக்காவின் வடகிழக்கைச் சூறையாடிய கேரல், எட்னா இரண்டுக்கும் ஓய்வு கொடுத்தார்கள், ஆனால் சில வருஷங்களுக்கு மட்டும். கேரல் 1965-லும் எட்னா 1968-லும் மறுபடி வந்துவிட்டன. நிரந்தர ஓய்வு என்பது அப்புறம்தான் நிலைத்தது. அதற்கும் முன்னால், 1950 முதல் 1952 வரை, இன்னும் விசித்திரம்: ராணுவ வானொலியில் எழுத்தை உச்சரிக்கப் பயன்படும் ஏபிள், பேக்கர், சார்லி, டாக் என்ற வரிசையையே மூன்று வருஷமும் பயன்படுத்தினார்கள். ஆகவே சார்லி என்றால் 1950-லும் ஒன்று, 1951-லும் ஒன்று, 1952-லும் ஒன்று. நடுவில் வந்த 1951 சார்லிதான் ஜமைக்காவைப் புரட்டிப் போட்டது.

பெண் பெயர்களுக்கு மாறியது 1953-ல். ஆனால் அந்த முதல் பட்டியலையே கிட்டத்தட்ட அப்படியே 1954-க்கும் வைத்துக்கொண்டார்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது.

1954 ஜூனில் ஆலிஸ் என்ற ஹரிக்கேன் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்து ரியோ கிராண்டே ஆற்றில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தது. வருஷம் முடிந்தது. 1955 ஜனவரி முதல் வாரம், புயல் வரவே கூடாத காலம், கரீபியன் தீவுகளுக்குப் பக்கத்தில் ஒரு முழு ஹரிக்கேன் நிற்கிறது. புது வருஷம், புதுப் பட்டியல், முதல் பெயர் என்ன என்று பார்த்தால் அதுவும் ஆலிஸ். ஜனவரி 2-ல் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு கப்பல்கள் கொடுத்த தகவல்களை எல்லாம் சேர்த்து ஆராய்ந்தபோது, அது 1954 டிசம்பர் 30-லேயே உருவாகிவிட்டது தெரிந்தது. ஆக, ஒரே 1954 பருவத்தின் கணக்கில் இரண்டு ஆலிஸ்கள்: ஒன்று ஜூனில், ஒன்று டிசம்பரில். 1955-ன் பட்டியலில் ஆலிஸ் செலவாகிவிட்டதால் அந்தக் கோடையின் முதல் புயல் நேரே பிரெண்டாவிலிருந்து தொடங்கியது. ஒரே கடல், ஒரே பருவம், ஒரே பெயர் என்று மூன்றும் ஒன்றாக அமைந்த விபத்து இது. பதிவேடுகளில் இதைக் குறிக்க மாதத்தையும் சேர்த்து எழுதவேண்டியிருக்கிறது, ஆண்டு மட்டும் போதவில்லை.

சரி, இதெல்லாம் ஒரே கடலுக்குள் நடந்தவை. உண்மையான நெரிசல் கடல்களுக்கு இடையில்தான். அட்லாண்டிக், கிழக்கு பசிபிக், மத்திய பசிபிக், மேற்கு பசிபிக், வட இந்தியப் பெருங்கடல், தென்மேற்கு இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியப் பகுதி, தென் பசிபிக் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். ஒரு பட்டியலில் ஓய்வு கொடுத்தது இன்னொரு பட்டியலைக் கட்டுப்படுத்தாது.

மரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் போர்ட்டோ ரிக்கோவில் மின்சாரமே இல்லாமல் செய்து, ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த ஹரிக்கேன். அட்லாண்டிக்கில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு மார்கோவைப் போட்டார்கள். ஆனால் மேற்கு பசிபிக் பட்டியலில் இன்னொரு மரியா இருக்கிறது. அமெரிக்கா கொடுத்த பெயர்தான் அது. போர்ட்டோ ரிக்கோ இன்னும் இருட்டிலிருந்து முழுசாக மீளாத 2018 ஜூலையிலேயே மரியா என்ற டைஃபூன் (மேற்கு பசிபிக்கில் ஹரிக்கேனுக்குச் சொல்லும் பெயர்) சீனாவின் ஃபூஜியன் கரையைக் கடந்தது. 2024 ஆகஸ்டில் ஜப்பானின் வடகிழக்குக்கு இன்னொரு மரியா வந்தது. மேற்கு பசிபிக்கில் அது சாதாரணப் பெயர், போர்ட்டோ ரிக்கோவில் உச்சரிக்கக்கூடத் தயங்கும் பெயர்.

ஓய்வு பெற்ற பெயருக்குப் பதிலாக வரும் பெயரும் இதே சிக்கலில் மாட்டும். 2017-ல் ஹூஸ்டனை வெள்ளத்தில் மிதக்கவிட்ட ஹார்விக்குப் பதிலாக அட்லாண்டிக் குழு ஹெரால்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெயர் தன் முறைக்காகப் பட்டியலில் காத்திருந்தபோதே, 2020 ஏப்ரலில் தென் பசிபிக்கில் ஹெரால்ட் என்ற பயங்கரமான புயல் வந்துவிட்டது. சாலமன் தீவுகளில் ஒரு பயணிகள் கப்பலிலிருந்து 27 பேர் கடலில் அடித்துச் செல்லப்பட்டார்கள், வனுவாட்டு சின்னாபின்னமானது. பிறகு 2023 ஆகஸ்டில் அட்லாண்டிக்கின் ஹெரால்ட் தன் முறைக்கு வந்து, ஹார்வி கரையேறிய அதே டெக்சாஸில் கரையேறியது. நல்லவேளை, சின்னப் புயலாக. ஹார்வியும் அட்லாண்டிக்குக்கு மட்டும் சொந்தமான பெயரில்லை. 2005-ல் ஆஸ்திரேலியாவின் கார்ப்பென்டேரியா வளைகுடாவில் ஒரு ஹார்வி வந்திருக்கிறது.

ஐ என்ற எழுத்தின் கதி இன்னும் மோசம். அட்லாண்டிக்கில் அதிகப் பெயர்கள் ஓய்வு பெற்ற எழுத்து அதுதான். 2004-ல் ஐவன் போனது, இகோர் வந்தது. 2010-லேயே இகோரும் நியூஃபவுண்ட்லாந்தைத் தாக்கி ஓய்வு பெற்றது, இயன் வந்தது. 2016-ல் இயன் ஆரவாரமில்லாமல் நடுக்கடலில் வந்து போனது. 2022-ல் ஃபுளோரிடாவை அடித்து நொறுக்கியது. இப்போது அந்த இடத்தில் இட்ரிஸ் என்ற பெயர் 2028-க்காகக் காத்திருக்கிறது. இதே பெயர்களை மற்ற கடல்களிலும் பார்க்கலாம்: 2008 பிப்ரவரியில் மடகாஸ்கரைத் தாக்கியது ஐவன், 2014 ஜனவரியில் டோங்காவின் ஹாஅபாய் தீவுக்கூட்டத்தைச் சிதைத்தது இயன். 'இயன் புயல்' என்று மட்டும் சொன்னால் ஃபுளோரிடாக்காரருக்கு ஒன்று, டோங்காக்காரருக்கு வேறொன்று.

ஒரே ஆண்டில் இப்படி மோதுவதும் உண்டு. 1997 செப்டம்பரில் கிழக்கு பசிபிக்கில் லிண்டா என்ற ஹரிக்கேன், அந்தக் கடலில் அதுவரை பதிவான புயல்களிலேயே வலிமையானதாக உருவெடுத்தது. அந்த இடத்தை 2015-ல் பட்ரீசியா பறிக்கும் வரை லிண்டாதான் வைத்திருந்தது. ஆனால் நிலத்தைத் தொடாமலேயே அடங்கிவிட்டது. இரண்டே மாதத்தில், நவம்பர் தொடக்கத்தில், வியட்நாமின் தென்முனையில் வேறொரு லிண்டா. வலிமையில் முதல் லிண்டாவின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் வழக்கமாகப் புயல் வராத பகுதி, மீன்பிடிப் படகுகள் நிறைந்த கடல். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போனது. இரண்டில் எது 'பெரிய' லிண்டா? காற்றின் வேகத்தைப் பார்த்தால் முதலாவது, சாவைப் பார்த்தால் இரண்டாவது. ஓய்வு என்பது வலிமைக்கு அல்ல, விளைவுக்குத்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்: சாதனை படைத்த அந்த முதல் லிண்டாவின் பெயர் கிழக்கு பசிபிக் பட்டியலில் நீடித்து, 2021-ல்கூட வந்தது.

2021-ல் ஒடெட் என்ற பெயருக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. ஏப்ரலில் ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே ஒரு ஒடெட். பக்கத்தில் இருந்த செரோஜா என்ற புயலும் இதுவும் ஒன்றையொன்று சுற்றத் தொடங்கின. இரண்டு புயல்கள் நெருங்கினால் ஒரு பொது மையத்தைச் சுற்றிக்கொள்ளும் இந்த நடனத்துக்கு ஃபுஜிவாரா விளைவு என்று பெயர். அதில் ஒடெட் கரைந்துபோக, செரோஜா போய் மேற்கு ஆஸ்திரேலியக் கரையைத் தாக்கியது. செப்டம்பரில் அட்லாண்டிக்கில் ஒரு ஒடெட், அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால் வந்து போனது. டிசம்பரில் பிலிப்பைன்ஸின் சியர்காவ் தீவில் கரையேறிய அசுரப் புயலின் சர்வதேசப் பெயர் ராய். ஆனால் பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அது ஒடெட். அந்நாட்டு வானிலை நிறுவனம் தன் எல்லைக்குள் வரும் புயல்களுக்குத் தன் மக்களுக்குப் பழக்கமான பெயர்களைத் தனியாக வைக்கும். 2013-ல் தக்லோபானை அழித்த ஹையானை அங்கே யோலாண்டா என்று சொன்னால்தான் தெரியும். ஹையான் என்ற பெயரும் 2001, 2007 என ஏற்கெனவே இரண்டு முறை வந்ததுதான்.

அனாவும் அப்படியே. 2021 ஜனவரி முடிவில் ஃபிஜியில் ஒரு அனா, மே மாதம் பெர்முடா அருகே ஒரு அனா, 2022 ஜனவரியில் மடகாஸ்கர், மொசாம்பிக், மலாவி மூன்றையும் வாட்டிய ஒரு அனா. பன்னிரண்டு மாத இடைவெளிக்குள் மூன்று கடல்களில் மூன்று.

அட்லாண்டிக்கில் பட்டியல் தீர்ந்துபோனால் கிரேக்க எழுத்துகளை எடுப்பது என்றொரு ஏற்பாடு இருந்தது. 2005-லும் 2020-லும் அப்படி எடுத்தார்கள். அதனால் ஆல்ஃபா முதல் ஸீட்டா வரை ஆறு பெயர்களுக்கும் இரண்டு இரண்டு புயல்கள். இதில் ஒரே பெயர் என்பதைவிட, ஒரே மாதிரி ஒலிப்பது பெரிய தலைவலியாகிவிட்டது: ஸீட்டா, ஈட்டா, தீட்டா மூன்றும் அடுத்தடுத்து. இரைச்சலான அலைவரிசையில் கேட்டால் எது எதுவென்று பிரித்தறிய முடியுமா? போதாக்குறைக்கு ஈட்டாவும் அயோட்டாவும் 2020 நவம்பரில் இரண்டு வார இடைவெளியில் நிகராகுவாவின் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கரையேறின. இரண்டுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும், ஆனால் நெடுங்கணக்கிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துவிட முடியாதே. 2021-ல் கிரேக்க எழுத்துகளையே கைவிட்டுவிட்டு, மாற்றுப் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்தார்கள். என்னைக் கேட்டால் அதை 2005-லேயே செய்திருக்கலாம்.

வட இந்தியப் பெருங்கடல், அதாவது வங்கக் கடலும் அரபிக் கடலும், இந்த விஷயத்தில் தனி ரகம். இங்கே பெயர் வைப்பதே 2004-ல்தான் தொடங்கியது. எட்டு நாடுகள் தலா எட்டுப் பெயர் கொடுத்து 64 பெயர்கள். முதல் பெயர் ஓனில், கடைசிப் பெயர் 2020 மே மாதம் வந்த ஆம்பன். பிறகு 13 நாடுகள் தலா 13 என்று 169 பெயர்கள் கொண்ட புதுப் பட்டியல் நிசர்காவில் தொடங்கியது. ஒரு பெயர் ஒரு முறைதான்; பயன்படுத்தியாகிவிட்டால் அத்தோடு சரி, நல்ல புயலோ கெட்ட புயலோ. ஆகவே கஜாவோ வர்தாவோ ஒக்கியோ இந்தக் கடலில் இன்னொரு முறை வராது. 64 பெயர்கள் 16 வருஷம் வந்தன. அதே வேகத்தில் போனால் 169 பெயர்கள் சுமார் 40 வருஷம் தாங்கும். புயல்கள் குறைவான கடல் என்பதால்தான் இந்தச் சொகுசு. வருஷத்துக்கு 25 பெயர் செலவாகும் மேற்கு பசிபிக்கில் இப்படிச் செய்தால், 14 உறுப்பினர்கள் கொடுத்த 140 பெயர்களும் ஐந்தாறு வருஷத்தில் காலியாகிவிடும். அதனால்தான் அங்கே கடைசிப் பெயர் முடிந்ததும் முதல் பெயருக்குத் திரும்புகிறார்கள்.

நம் கடலுக்குள் பெயர் திரும்பாது என்றாலும், வெளியே மோதல் நடந்திருக்கிறது. 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையைக் கடந்து காவிரி டெல்டாவை வெள்ளக்காடாக்கிய நிஷாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2010 ஜனவரியில் தென் பசிபிக்கில் வேறொரு நிஷா வந்தது. 1983-லும் அங்கே ஒரு நிஷா இருந்திருக்கிறது. 2013 நவம்பரில் மசூலிப்பட்டினம் அருகே கரையேறியது ஹெலன். 2008 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கம் போனதும் ஹெலன். இப்போதைய விதிமுறை, உலகின் எந்த வட்டார மையத்தின் பட்டியலிலும் இல்லாத பெயராகக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே புதுப் பட்டியலில் இந்த மோதல் குறையும்.

பெயரே இல்லாவிட்டால் குழப்பம் இருக்காது என்று நினைக்காதீர்கள். 2004-க்கு முன் நம் பக்கத்துப் புயல்களை ஊரையும் ஆண்டையும் சேர்த்துத்தான் சொன்னோம். '1999 அக்டோபர் ஒடிசா புயல்' என்றால் எது? அக்டோபர் 17 கோபால்பூரில் ஒரு கடும் புயல் கரையேறியது. அக்டோபர் 29 பாரதீப் அருகே, கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரைப் பலிகொண்ட சூப்பர் புயல். மாநிலம், ஆண்டு, மாதம் மூன்றும் ஒன்று.

புயல் மனிதப் பெயரோடு மோதுவதும் உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 2013-ல் இலங்கை கொடுத்த மகாசென் என்ற பெயருக்கு இலங்கையிலேயே எதிர்ப்பு வந்தது. பெயர் ஒரு பழைய மன்னருடையது. வியாரு என்று மாற்றினார்கள். 2025-ல் ஆஸ்திரேலியப் பட்டியலில் அடுத்து வரவேண்டிய ஆண்டனி, பிரதமரின் பெயரும் அதுவே என்பதால் தள்ளிவைக்கப்பட்டு ஆல்ஃபிரட் வந்தது.

தலைகீழான குழப்பமும் இருக்கிறது: ஒரே புயலுக்குப் பல பெயர்கள். முன்பு சொன்ன 1998 கத்ரீனாவின் மிச்சம் வடக்கு ஆஸ்திரேலியாவைத் தாண்டி இந்தியப் பெருங்கடலில் மறுபடி உயிர்பெற்றபோது விக்டர் ஆனது, இன்னும் மேற்கே வேறொரு மையத்தின் எல்லைக்குள் நுழைந்ததும் சிண்டி ஆனது. 2021-ல் வங்கக் கடலில் உருவான குலாப் ஆந்திரக் கரையைக் கடந்து, நிலத்தில் பலவீனமடைந்து, அரபிக் கடலுக்குப் போய் மறுபடி புயலாகி ஷாஹீன் என்ற பெயரில் ஓமனைத் தாக்கியது. புள்ளிவிவரம் எடுப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

சரி, நீங்கள் தேடும்போது எப்படிப் பிரித்தறிவது? பெயரோடு ஆண்டையும் கடலையும் சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பெயரை விட்டுவிட்டு அடையாள எண்ணைப் பாருங்கள். கடலைக் குறிக்கும் இரண்டு எழுத்து, அந்தப் பருவத்தில் எத்தனையாவது என்ற எண், பிறகு ஆண்டு. 2005 கத்ரீனாவின் எண் ஏஎல்122005: அட்லாண்டிக்கில் அந்த வருஷத்தின் பன்னிரண்டாவது. வேறு எந்தக் கத்ரீனாவுக்கும் இந்த எண் இருக்க முடியாது. ஆய்வாளர்கள் சேதக் கணக்கையோ காற்று வேகத்தையோ ஒப்பிடும்போது நம்புவது இதைத்தான். புயல் நேரத்தில் சுற்றுக்கு வரும் படங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 'மரியா' என்று தலைப்பிட்ட படம் போர்ட்டோ ரிக்கோவுடையதா, ஃபூஜியனுடையதா என்பது ஆண்டைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.